யாழ்ப்பாணத்து நில அளவையாளர்களுக்கு: இனிப் பிளானில் ஆள்கூறு போடுவோம்

மூத்த அண்ணைமாருக்கும், எங்களுக்குப் பிறகு தொழிலுக்கு வந்த தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

யாழ் மாவட்டத்தில் தொழில் செய்கிற உத்தரவு பெற்ற நில அளவையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். நொத்தாரிசுமார், சட்டத்தரணிகள், காணிக்காரர் யாராவது வாசித்தால் அதுவும் நல்லதே. அவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் நாங்கள் செய்யத் தொடங்குவோம்.

நான் கேட்பது இது: இனிமேல் நாங்கள் கீறுகிற ஒவ்வொரு பிளானிலும் குறைந்தது இரண்டு எல்லைக்கல்லுக்காவது தேசிய ஆள்கூறு (நாட்டுப் படத்தில் அந்தக் கல் நிற்கிற இடத்தைச் சொல்லும் கிழக்கு, வடக்கு எண்கள்) போடுவோம். இரண்டு கல் போதும். மிச்ச மூலைகளுக்கு வழக்கம்போலத் திசையும் தூரமும் இருந்தால், முழுக் காணியையும் அந்த இரண்டு கல்லிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுவிடலாம். சிலர் ஏற்கெனவே செய்கிறார்கள், தெரியும். ஆனால் நான் பார்க்கிற பிளான்களில் அநேகம் இன்னமும் ஒரு வடக்குக் குறியையும் நாலு பக்கத்துக் காணிக்காரரின் பெயர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கின்றன. ஏன் என்று கேட்டால், "அதுக்குரிய மெசின் எங்கட கைக்கு எட்டாது" என்று பதில் வரும். ஒருகாலத்தில் நியாயமான பதில்தான். இப்போது இல்லை.

விலை எப்படி விழுந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் "மலிவு என்றால் கள்ளச் சாமான்" என்று நினைக்கிற மூத்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் இரண்டு அலைவரிசையில் செய்மதிச் சமிக்ஞையைப் பிடிக்கிற ரிசீவர் ஒரு சோடி (ஒரே இடத்தில் நின்று திருத்தம் கொடுக்கும் பேஸ் ஒன்று, கல்லுக்குக் கல் கொண்டுபோகும் ரோவர் ஒன்று) வாங்குவதென்றால் பல பத்தாயிரம் டொலர். (அந்த நாளில் இங்கே பட்டறி கொண்டுவரவே தடை. ரிசீவரை யார் நினைத்தார்?) அவ்வளவு விலைக்கு ஒரு முக்கிய காரணம் இரண்டாவது அலைவரிசை. அதில் வந்த குறியீடு அமெரிக்க இராணுவத்துக்கானது; 1994இலிருந்து மறைகுறியாக்கப்பட்டே வந்தது. குறியீடு தெரியாமலே அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கக் கொம்பனிகள் கெட்டித்தனமான வழிகளைக் கண்டுபிடித்தன. அந்தக் கெட்டித்தனத்துக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம்.

2005இலிருந்து மேலே போன புதிய ஜிபிஎஸ் செய்மதிகள் இரண்டாவது அலைவரிசையிலும் எல்லோருக்கும் திறந்த குறியீட்டை அனுப்பத் தொடங்கின. 2010இலிருந்து மூன்றாவது அலைவரிசையும் சேர்ந்தது. ரஷ்யாவின் குளோனாஸ் ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பாவின் கலிலியோ 2016 டிசம்பரில் சேவையைத் தொடங்கியது, சீனாவின் பெய்டோ 2020இல் முழுமையானது. எல்லாம் சேர்த்து நூறுக்கும் மேற்பட்ட செய்மதிகள். மறைவாக எதையும் பிடிக்கத் தேவையில்லாததால் வேலை முழுவதையும் ஒரு சின்னச் சில்லுக்குள் அடக்க முடிந்தது. வாங்குகிற ஆட்களும் மாறினார்கள். உழவு இயந்திரம், ட்ரோன், தானாக ஓடிப் புல் வெட்டுகிற இயந்திரம், கார் என்று லட்சக்கணக்கில் செய்கிற சாமான்களுக்குள் இந்தச் சில்லு போகத் தொடங்கிய பிறகு, உலகத்தில் கொஞ்சப் பேராக இருக்கிற நில அளவையாளரை நம்பி விலை வைக்கவேண்டிய தேவை கொம்பனிகளுக்கு இல்லாமல் போனது.

சுவிற்சர்லாந்தின் யூ-புளொக்ஸ் கொம்பனி 2018இல் அறிவித்த எஃப்9பி என்ற சில்லுதான் திருப்பம். நீளம் 22 மில்லிமீற்றர். அதைப் பொருத்திய பலகை இருநூறு சொச்சம் டொலருக்கு வந்தது. 2019இல் எம்லிட் ரீச் ஆர்எஸ்2 என்ற முழு ரிசீவர் 1,899 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. பிறகு சீனாவின் யூனிகோர் சில்லுகள் மூன்று அலைவரிசையோடு வந்தன, அவற்றை வைத்துப் பல பெயர்களில் ரிசீவர்கள் வருகின்றன. கணக்குப் பார்க்கிற மென்பொருளும் காசுக்குரிய இரகசியமாக இல்லை. தோக்கியோவின் தோமோஜி தகாசு எழுதிய ஆர்டிகேலிப் இலவசமாகவே கிடக்கிறது. திறந்த வானத்தின் கீழ், பேஸ் கிட்டவாக இருக்கும்போது, இந்த மலிவு ரிசீவருக்கும் பெரிய பெயருள்ள ரிசீவருக்கும் இடையில் ஒரு எல்லைக்கல்லுக்கு வரும் வித்தியாசம் எங்களுக்குப் பொருட்டில்லாத அளவு. மரத்தின் கீழ், நீண்ட தூரத்தில், பழுது பார்க்க ஆள் தேவைப்படும்போது பெரிய பெயருக்கு மதிப்பு இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

டொலரில் விழுந்த விலையில் ஒரு பங்கை 2022இல் ரூபா விழுங்கியதும் உண்மை. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. அப்படியிருந்தும் இன்று 4,000 டொலருக்குள் ஒரு சோடி வாங்கலாம். வரி, சுங்கம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு பழைய ஓட்டோ வாங்குகிற காசு. கோணமும் தூரமும் அளக்க எங்களிடம் இருக்கிற ரோட்டல் ஸ்ரேசனுக்கு நாங்கள் எவ்வளவு கொடுத்தோம் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்?

எங்கள் காணிகள் சின்னவை. ஒரு ஏக்கரில் 16 பரப்பு. சீதனம், முதுசம், பாகப்பிரிவினை என்று தலைமுறை தலைமுறையாக வெட்டி, ஒரு பரப்பு சொச்சத்துக்குக் கூட உறுதி, அதற்குள் பங்குக் கிணறு, வழிவாய்க்கால் உரித்து. ஒரு பரப்பு என்பது 253 சதுர மீற்றர். முப்பது மீற்றர் வேலியில் முப்பது சென்ரிமீற்றர் உள்ளே வந்தால் ஒன்பது சதுர மீற்றர் போய்விடும். அதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த சகோதரக் குடும்பங்களை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த எல்லையைக் காட்டுவது என்ன? கிளுவையும் பூவரசும் நட்ட வேலி. கதியால் பட்டுப்போனால் புதுக் கதியால் போடுவார்கள், போடும்போது அது ஒரு சாண் நகரும். எந்தப் பக்கம் நகரும் என்பது யார் வீட்டில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வீட்டில் யாருமே இல்லாத காணிகள் வேறு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும். தாய் தகப்பன் இல்லை. வேலி சரிந்து பற்றையாகக் கிடக்கும். பக்கத்துக்காரர் முதலில் வாழை வைப்பார், பிறகு மதில் கட்டுவார். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அவர் பக்கம் பேசத் தொடங்கும். போரால் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அது காலத்தைக் கணக்கெடுக்கும் விதத்துக்கு உதவும். வேலி எங்கே நின்றது என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. அதைச் சொல்லவேண்டியது எங்கள் பிளான்.

வலிகாமம் வடக்கில் பிளான்கள் அதைச் சொல்லவில்லை. 1990இல் சனம் எழும்பிப்போன ஊர்கள் அவை. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் விடுபட்டது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, சில இடங்களில் ஒழுங்கையே இல்லை, கிணறு மூடிக்கிடக்கிறது. கையில் உறுதி இருக்கிறது, அதில் "கிழக்கு: இன்னார் காணி, வடக்கு: ஒழுங்கை" என்று இருக்கிறது. பிளானும் இருக்கிறது, அதில் வேலி மூலையிலிருந்து இத்தனை லிங் (பழைய சங்கிலி அளவு) என்று இருக்கிறது. அந்த வேலி மூலை எங்கே? ஒரு குறிச்சியில் இரண்டு மூன்று பிளான்களிலாவது ஆள்கூறு இருந்திருந்தால், அந்த முழுக் குறிச்சியையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் போட்டிருக்கலாம். கிழடுகளின் ஞாபகத்தையும் தப்பிக் கிடந்த கிணற்றுக் கட்டுகளையும் பிடித்துக்கொண்டு தடவவேண்டி வந்திராது. 2025 மார்ச் 28ஆம் திகதி, உரிமை காட்டாத காணிகள் அரசுக்குப் போகும் என்ற காணி நிர்ணய வர்த்தமானி வந்தபோது வடக்கு முழுக்கச் சனம் உறுதிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வர்த்தமானி பிறகு மீளப்பெறப்பட்டுவிட்டது. எங்கள் காணி எங்கே இருக்கிறது என்று எண்ணில் சொல்லமுடியாத நிலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இனித் தொழில் விசயம். மெசின் மலிந்தது, அதோடு பிழை விடுவதும் மலிந்துவிட்டது. ஆகவே சில சங்கதிகளை ஒளிவு மறைவில்லாமல் பேசவேண்டும்.

முதலாவது, எந்த ஆள்கூறு? ரிசீவர் தருவது உலக முறை. எங்கள் பிளானுக்கு வேண்டியது எஸ்எல்டி99, அதாவது நில அளவைத் திணைக்களத்தின் 1999ஆம் ஆண்டு முறை. அதில் யாழ் நகரத்துக் கல்லுக்குக் கிழக்கு எண் 416,000 சொச்சமாகவும் வடக்கு எண் 794,000 அளவிலும் வரும். பழைய கண்டவளை முறையில் இரண்டிலும் மூன்று லட்சம் குறையும். எண்ணைப் பார்த்த உடனேயே எந்த முறை என்று பிடிபட்டுவிடும், இந்தக் குழப்பத்தால் பெரிய ஆபத்து இல்லை. உலக முறையை நேரே படத்தில் ஏற்றினாலும் இருநூறு மீற்றருக்கு மேல் தள்ளும், அதுவும் கண்ணில் தெரியும். ஆபத்து ஒன்றிரண்டு மீற்றர் பிழையில் இருக்கிறது. உலக முறையை எங்கள் முறைக்கு மாற்றுகிற எண்களை, இணையத்தில் கண்டபடி, யாரோ மென்பொருளில் போட்டு வைத்திருப்பார், மற்றவர் அதையே பிரதி பண்ணுவார். ஒரே கல்லுக்கு இரண்டு அளவையாளரின் எண்கள் ஒரு மீற்றர் விலகி நிற்கும். நீதிமன்றத்தில் இரண்டு சட்டத்தரணிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். திணைக்களம் ஆள்கூற்றைச் சரியாக அளந்து வைத்திருக்கிற கட்டுப்பாட்டுப் புள்ளி ஒன்றின் மேல் ரிசீவரை வைத்து, எங்கள் எண் அந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் பிளானில் ஆள்கூறு எழுதுவதைவிட எழுதாமல் விடுவது நல்லது. எந்தப் புள்ளியில், எந்தத் திகதியில் சரிபார்த்தோம் என்பதையும் பிளானின் ஓரத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.

திகதி எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நாங்கள் நிற்கிற இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கிறது. இணையத்தில் இலவசமாகக் கணக்குப் பார்த்துத் தருகிற சேவைகள் இன்றைய திகதிக்கான உலக ஆள்கூற்றைத்தான் தரும். அதே கல்லை இருபது வருடம் கழித்து அதே சேவையில் போட்டால் ஒரு மீற்றர் தள்ளி நிற்கும். கல் அங்கேயேதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தி முடிக்க விடிந்துவிடும்.

அடுத்தது பொய் ஃபிக்ஸ், அதாவது இடம் சரியாகப் பிடிபட்டுவிட்டது என்று ரிசீவர் பிழையாகச் சொல்வது. ரிசீவர் கணக்குப் பார்க்கிற அலையின் நீளம் முதலாவது அலைவரிசையில் 19 சென்ரிமீற்றர். செய்மதிக்கும் எங்களுக்கும் இடையில் அப்படி எத்தனை முழு அலைகள் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால் சென்ரிமீற்றர் துல்லியம். பிழையாகக் கண்டுபிடித்தாலும் திரையில் அதே பச்சை 'ஃபிக்ஸ்' தான். மதில் ஓரம், தகரக் கூரை, அடர்ந்த பனங்கூடல், இவைதான் எங்கள் ஊரில் அதற்குத் தோதான இடங்கள். எல்லைக்கல் இருப்பதும் பெரும்பாலும் மதில் ஓரத்தில்தான். ஒரு கல்லை ஒருக்கால் எடுத்துவிட்டு நடக்கிற பழக்கம் கூடாது. ஃபிக்ஸை வெட்டிவிட்டு, ஒரு மணித்தியாலமாவது கழித்து, செய்மதிகள் இடம் மாறிய பிறகு திரும்ப எடுங்கள். மரத்தின் கீழ் உள்ள கல்லென்றால் வெளியில் இரண்டு புள்ளி எடுத்து, அங்கிருந்து ரோட்டல் ஸ்ரேசனால் அடியுங்கள். ரோட்டல் ஸ்ரேசனை விற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லையும் இருக்கிறது. காந்த நடுக்கோடு எங்களுக்குக் கிட்டவாகவே போகிறது. பொழுது பட்ட பிறகு நடுச்சாமம் வரைக்கும் மேலே அயனமண்டலம், அதாவது செய்மதிச் சமிக்ஞை கடந்து வருகிற மேல் வளிமண்டலப் படை, குழம்பும். பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும் கூடுதலாக. சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருந்த 2024ஐ அண்டிய காலத்தில் இது இன்னும் மோசம். வெய்யில் தாழட்டும் என்று பின்னேரம் வேலை தொடங்குகிறவர்கள் ஏழு மணிக்குப் பிறகு ஃபிக்ஸ் நிற்கவில்லை என்று மெசினைத் திட்டவேண்டாம். அது மேலே உள்ள பிரச்சினை. காலமை வேலையை முடியுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ரிசீவர் காட்டும் உயரம் பூச்சியத்துக்குக் கீழே தொண்ணூறு மீற்றர் அளவில் நிற்கும். பழுது அல்ல, ரிசீவர் அளப்பது ஒரு கணித மேற்பரப்பிலிருந்து, உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் எங்களுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. வெள்ளவாய்க்கால் மட்டம் எடுக்க இதை நேரே பாவிக்கக்கூடாது. 2024 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு அடி மட்டம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு இன்னமும் மட்டமானிதான்.

பழைய பிளானைப் பற்றியும் சொல்லவேண்டும். சங்கிலிக் காலத்துப் பிளானில் ஒரு லிங் என்பது 20 சென்ரிமீற்றர். அன்று முழு லிங்குக்கு அளந்து எழுதிய எல்லையை இன்று இரண்டு சென்ரிமீற்றருக்குத் திருத்தி, "உங்கட மதில் நாலு விரக்கடை உள்ளுக்கு நிக்குது" என்று சொல்கிற இளம் தம்பிமாரைப் பார்க்கிறேன். ராசா, அந்தப் பிளானால் அதைச் சொல்லமுடியாது. நிலத்தில் இருக்கிற கல்லும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட வேலியும்தான் எல்லை. அந்த எல்லை இன்று எங்கே இருந்தது என்பதை நாளைக்கு வருகிறவனுக்குச் சொல்வதுதான் ஆள்கூற்றின் வேலை. சண்டையைத் தொடக்கிவிடுவது அதன் வேலை இல்லை.

மெசின் வாங்கினவர் எல்லோரும் அளக்க வெளிக்கிடுவார்கள் என்ற பயமும் காதில் விழுகிறது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாதவர் இந்தத் தொழில் செய்யமுடியாது. கைத்தொலைபேசியில் காணியைச் சுற்றி நடந்து பரப்புக் கணக்குப் பார்த்துவிட்டு எங்களோடு வாதாட வருகிறவர்களுக்கு, அந்தத் தொலைபேசி சில மீற்றர் பிழை விடும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கூலி? "மெசின் பத்து நிமிசம்தானே நிண்டது, இவ்வளவோ?" என்ற கேள்வி வரத்தான் போகிறது. கூலியைக் குறைக்க நான் சொல்லமாட்டேன். அதே கூலிக்கு ஆள்கூறும் சேர்த்துக் கொடுப்போம். இரண்டு கல்லுக்குக் கூடுதலாக ஒரு மணித்தியாலம் போகும், அதைத் தனிக் கட்டணம் ஆக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள், பிளான்கள் திரும்பவும் அந்தரத்திலேயே நிற்கும்.

கடைசியாக, நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனி பேஸ் வைப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். குடாநாடு சின்னது, தட்டையானது. பேஸிலிருந்து ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றர் பிழை கூடும் என்று கொள்வதுதான் வழக்கம். பதினைந்து கிலோமீற்றருக்குள் ஒரு பேஸ் இருந்தால் எங்கள் வேலைக்குத் தாராளம். ஐந்தாறு வீட்டுக் கூரைகளில் நிலையான அன்ரெனா, கீழே ஒரு சின்னக் கணினி, பைபர் இணையம், மின்வெட்டுக்கு ஒரு பட்டறி. திருத்தத் தரவு கைத்தொலைபேசி இணையத்தால் எல்லோருடைய ரோவருக்கும் போகும்; ரேடியோ பாவிக்காததால் அதற்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதிக்கு அலையவும் தேவையில்லை. பிரான்சில் விவசாயிகளும் ஆய்வாளர்களும் 2019இலிருந்து இதே மலிவுச் சில்லுகளை வைத்து சென்ரிபீட் என்ற வலையமைப்பை நாடு முழுக்கக் கட்டியிருக்கிறார்கள், யாரும் பாவிக்கலாம். அவ்வளவு தூரம் அவர்களால் முடிந்தால் சுன்னாகத்திலிருந்து சாவகச்சேரி வரைக்கும் எங்களால் முடியும். அந்தப் பேஸ்களின் ஆள்கூற்றைத் திணைக்களத்தின் புள்ளிகளோடு எல்லோரும் சேர்ந்து நின்று கட்டுவோம். பிறகு ரோவர் ஒன்று மட்டும் வாங்கினால் போதும், புதிதாகத் தொழில் தொடங்குகிற தம்பி தங்கையருக்குச் செலவு பாதியாகும்.

முதல் அன்ரெனாவுக்கு என் கூரை தயார். கோண்டாவிலில், சுற்றிவர மரம் இல்லாத மாடி. பருத்தித்துறை, சாவகச்சேரி, மருதங்கேணி, வேலணைப் பக்கங்களில் இடம் தரக்கூடியவர்கள் எனக்குச் சொல்லுங்கள். நெடுந்தீவுதான் கரைச்சல், மின்சாரமும் இணையமும் ஒழுங்காக உள்ள ஒரு கட்டடம் அங்கே யாருக்காவது தெரிந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு தொழில் செய்கிற ஒரு நில அளவையாளர்,
கோண்டாவில்